காசநோய்க்குச் சோறும் மருந்துதான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய் சிகிச்சை தொடங்கியவர்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் எழுதியது இது. கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படித்த பிறகு அடுப்படியிலும் எடை மெஷின் அருகிலும் என்ன செய்ய வேண்டும் என்பதே இதன் அக்கறை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு. அதை இந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். கீழே சொல்லும் கண் மஞ்சள் போன்ற கல்லீரல் அறிகுறிகள் மட்டும் விதிவிலக்கு.

மாத்திரைதானே டிபியைக் குணமாக்குகிறது? சாப்பாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கிருமியைக் கொல்வது மாத்திரைதான். அதில் சந்தேகமே வேண்டாம். சாப்பாட்டை மட்டும் நம்பி மாத்திரையை விட்டவர் பிழைப்பது அரிது. ஆனால் கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டாலும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வருகிறது. மற்றவர்களின் நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கிவிடுகின்றன. உடம்பில் சதை குறையும்போது அந்த வளையம் தளர்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ ஓர் எண் கூடும்போது காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. இந்தியாவில் காசநோய்க்குப் பாதை போடும் காரணங்களில் சத்துக் குறைவே பெரியது. சர்க்கரை நோய், புகை, மது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நோய் வந்த பிறகு இது சுழலாகிவிடுகிறது. காய்ச்சல் உடம்புச் சதையை எரிக்கிறது, பசியும் போய்விடுகிறது. மெலிந்த உடம்பில் மருந்து சரியாகச் சேராமல் போகலாம். மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்படும் ஆபத்தும் மெலிந்தவர்களுக்கே அதிகம்.

காசநோய்க்குச் சத்துணவு அவசியமில்லை என்று சென்னையில் நடந்த ஆய்வே சொன்னதாமே?

பாதி உண்மை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம் என்ற, தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவு, ஓய்வு, மாத்திரை. மறுபாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசம், எடையும் குறைவாகவே ஏறியது. அப்படியும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவால் உலகெங்கும் சானடோரியங்களின் தேவை போய், வீட்டுச் சிகிச்சை நிலைத்தது. ஏழை மக்களுக்கு அது பெரிய விடுதலை.

தவறு நடந்தது அதற்குப் பிறகு. 'நல்ல உணவு இல்லாவிட்டாலும் கிருமி அடங்கும்' என்பது மெல்ல மெல்ல 'உணவு தேவையில்லை' என்று ஆகிப்போனது. அந்த ஆய்வு பார்த்தது சளியில் கிருமி அடங்குகிறதா என்பதைத்தான். எலும்பும் தோலுமாக வருபவர் முதல் இரண்டு மாதம் தாண்டுவாரா, அவர் வீட்டுப் பிள்ளைக்கு நாளை நோய் வருமா என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேட இன்னும் 60 ஆண்டுகள் ஆயின.

ஜார்க்கண்ட் ஆய்வு என்று சொல்கிறார்களே, அதில் என்ன செய்தார்கள்?

'ரேஷன்ஸ்' என்று பெயர். மங்களூருவின் ஏனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் உள்ள 28 காசநோய் பிரிவுகளில் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. சளியில் கிருமி உறுதியான 2,800 நோயாளிகளும் அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேரும் அதில் இருந்தார்கள். வீட்டாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பழங்குடி மக்கள். வீட்டாரில் 34 சதவீதம் பேர் ஏற்கெனவே மெலிந்தவர்கள்.

நோயாளிகள் எல்லோருக்குமே மாதம் 10 கிலோ உணவுக் கூடை கொடுத்தார்கள்: அரிசி, அங்கே 'சத்து' என்று சொல்லும் வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். நாளுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் அதில் கிடைக்கும். கூடவே வைட்டமின் மாத்திரை. குலுக்கல் வீட்டாருக்குத்தான்: பாதிப் பிரிவுகளில் வீட்டில் உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, வைட்டமின் மாத்திரை. சிறு பிள்ளைகளுக்கு உணவு அதில் பாதி. மறுபாதியில் வீட்டாருக்கு ஒன்றும் இல்லை.

2022 ஜூலை வரை பின்தொடர்ந்தார்கள். உணவு பெற்ற வீடுகளில் காசநோய் 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய, சளியில் கிருமி உள்ள நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்றால் அது மிகையல்ல.

நோயாளிக்கு உணவு கொடுத்ததால் உயிர் பிழைத்தார் என்று அந்த ஆய்வு நிரூபித்ததா?

இல்லை. நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுத்ததால், உணவு கிடைக்காத நோயாளிகளோடு ஒப்பிட வழியில்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் கூடையைப் பிடுங்கி ஆய்வு செய்வது நியாயமும் ஆகாது.

ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பகுதி முக்கியமான ஒன்றைக் காட்டியது. 2,800 நோயாளிகளில் 82 சதவீதம் பேர் சத்துக் குறைவானவர்கள். சிகிச்சை தொடங்கும்போது ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ, பெண்களுடையது 36.1 கிலோ. வளர்ந்த மனிதர்களின் எடை இது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குக் காசநோயால் இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்தவருக்கு எடையும் ஏறியிருக்கலாம். ஆகவே உணவு ஒன்றே காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தாலும், இரண்டாம் மாத எடையைப் பார்த்தால் யாருக்கு ஆபத்து இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்கு எடை மெஷின் போதும்.

வீட்டாருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? நோயாளிக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் போதாதா?

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு மட்டும் பால் பவுடரும் முட்டையும் வந்தால் அம்மா அதைப் பிள்ளைக்குத்தான் முதலில் கொடுப்பார். அவரே நோயாளியாக இருந்தாலும் அப்படித்தான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியின் பங்கு நோயாளிக்கே போய்ச் சேர வீட்டுக்கும் ஒரு பங்கு போக வேண்டும். வீட்டாரும் அதே கிருமியை மாதக்கணக்கில் சுவாசித்தவர்கள், அதே பானையில் சாப்பிட்டவர்கள்.

அந்தக் கூடையை நம்மூர்ச் சமையலில் எப்படிச் செய்வது?

அந்தக் கூடைக்கும் நம் சமையலறைக்கும் தூரம் அதிகமில்லை. ஒரு மாதத்துக்கு 5 கிலோ அரிசி, 3 கிலோ பொட்டுக்கடலை, ஒன்றரைக் கிலோ பால் பவுடர், அரை லிட்டர் எண்ணெய். நாள் கணக்கில் அரிசி 165 கிராம் அளவு, பொட்டுக்கடலை 100 கிராம், பால் பவுடர் 50 கிராம், எண்ணெய் மூன்று தேக்கரண்டி. இது வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் கூடுதலாகச் சேர்ப்பது என்பதை மறக்க வேண்டாம். பால் பவுடர் வாங்க முடியாவிட்டால் நாளுக்கு இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கிட்டத்தட்ட அதே 18 கிராம் புரதத்தைத் தரும். சைவம் என்றால் முட்டைக்குப் பதில் 60 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டலாக்கலாம்.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் நம் வீடுகளில் பெரும்பாலும் குறைவது சோறு அல்ல, புரதமும் எண்ணெயும்தான். ரேஷனில் வரும் ஒரு கிலோ துவரம் பருப்பையும் பாமாயிலையும் விடாமல் வாங்குங்கள். ஒரு கிலோவை நாலு பேருக்கு மாதம் முழுக்க வைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம்தான் வரும். ஜார்க்கண்டில் கொடுத்தது பெரியவர் ஒருவருக்கு 50 கிராம். இடைவெளியை நிரப்ப மலிவான வழி நிலக்கடலை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, கொள்ளு. கடற்கரை ஊர்களில் நெத்திலிக் கருவாடு.

பசியே இல்லாதவருக்குத் தட்டு நிறையச் சோறு வைத்துப் பயனில்லை. நாளுக்கு ஐந்தாறு தடவையாகப் பிரியுங்கள். கையில் எடுத்துக் கடிக்க மாலாடு நல்லது: பொட்டுக்கடலை மாவு 100 கிராம், பொடித்த வெல்லம் 40 கிராம், பிடிக்கும் அளவுக்குச் சூடான நெய். ஐந்து உருண்டை பிடித்தால் ஒன்றுக்கு 4 கிராம் புரதமும் 120 கலோரிக்கு மேலும் இருக்கும். இடையில் கடலை மிட்டாய்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை ஒன்று உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றதும் நீர்க்கஞ்சிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் இருப்பது 20 கிராம் அரிசி: 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம், மீதி தண்ணீர். வயிறு நிறைந்துவிடும், உடம்புக்கு ஒன்றும் சேராது. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒரு கரண்டி பால் பவுடர், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் கலக்குங்கள். அதே டம்ளரில் கலோரி இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

கடையில் விற்கும் புரதப் பவுடர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

எடை எவ்வளவு ஏற வேண்டும்? எப்படிப் பார்ப்பது?

முதல் நாளே எடையும் உயரமும் எழுதப்பட வேண்டும். எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ வரும். 160 செ.மீ உயரமும் 38 கிலோ எடையும் உள்ளவருக்கு 1.6 ஐ 1.6 ஆல் பெருக்கினால் 2.56. 38 ஐ அதால் வகுத்தால் 14.8. 18.5க்குக் கீழே சத்துக் குறைவு, 16க்குக் கீழே கடுமையான சத்துக் குறைவு. இவர் 18.5 ஐத் தொட 47 கிலோவுக்கு மேல் வர வேண்டும். ஆனால் முதல் குறி அது அல்ல. இரண்டு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 1.9 கிலோ. 38 என்பது 40 ஆகிவிட்டால் முதல் குறியை எட்டிவிட்டார்.

எப்போதும் ஒரே மெஷினில், செருப்பில்லாமல், கையில் பையோ போனோ இல்லாமல், முடிந்தால் காலையில் பாருங்கள். வீட்டு மெஷினுக்கும் சுகாதார நிலைய மெஷினுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். அந்த ஒரு கிலோவே ஏற்றமா இறக்கமா என்று குழப்பிவிடும். கால் வீங்கியிருந்தால் எடை பொய் சொல்லும். கணுக்காலுக்கு மேல் விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். அதை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எடை பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தினமும் விழுங்கும் கூட்டு மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 25 முதல் 34 கிலோவுக்கு 2 மாத்திரை, 35 முதல் 49க்கு 3, 50 முதல் 64க்கு 4, 65 முதல் 75க்கு 5, அதற்கு மேல் 6. 48 கிலோவில் தொடங்கி 54க்கு வந்தவர் மூன்று மாத்திரையிலேயே நின்றால் மருந்து குறைகிறது. எடை 5 கிலோ ஏறி அடுத்த வரம்பையும் தாண்டினால் எண்ணிக்கையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நல்லபடியாகத் தேறிவருபவருக்குத்தான் இந்தத் தவறு நடக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை. ஏன்?

முதலில் சர்க்கரை பாருங்கள். கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோய்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்பது. காசநோய் உறுதியான எல்லோருக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வியும் பார்ப்பது விதி. பார்க்காமல் விட்டிருந்தால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து மருந்து. மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பவருக்கு மருந்து உள்ளே சேர்வதில்லை. சிலருக்கு, கூட்டு மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை என்று மட்டும் பரிசோதனை சொல்லியிருக்கும். அதே மாத்திரையில் உள்ள ஐசோனியசிட் மருந்துக்கு எதிர்ப்பு தனியாக இருந்தால் வழக்கமான முதல் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். இரண்டாம் மாத முடிவிலும் சளியில் கிருமி இருந்தால், எடையும் நின்றுவிட்டால், அதைச் சோதிக்க வேண்டும்.

பசியின்மையோடு குமட்டல், வலப்புற மேல் வயிற்று வலி, கண் மஞ்சள் இருந்தால் அது மாத்திரையால் வந்த கல்லீரல் அழற்சியாக இருக்கலாம். மாத்திரையை அன்று நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காத்திருக்கக் கூடாத ஒன்று இது. மது இருந்தால் ஆபத்து இரட்டிப்பு: கல்லீரலையும் கெடுக்கிறது, சோற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் தட்டைப் பாருங்கள். 'நன்றாகச் சாப்பிடுகிறார்' என்பது பெரும்பாலும் மூன்று வேளைச் சோறும் குழம்பும்தான். 24 மணி நேரத்தில் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் ஒருநாள் எழுதிப் பாருங்கள்.

யாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்?

காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது. மருந்து வேலை செய்யும் முன்பே உடம்பு தோற்றுவிடுகிறது. இதைக் குறிவைத்துத் தமிழ்நாடு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இதற்குத் துணை. சென்னை தவிர்த்த 30 மாவட்டங்களில், நோய் கண்டறியப்படும் ஒவ்வொரு பெரியவரையும் ஒரு சிறு தாளை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். டாக்டர் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், எந்தச் சுகாதாரப் பணியாளரும் செய்யலாம்.

பி.எம்.ஐ 14 அல்லது அதற்குக் கீழே. அல்லது 16க்குள் இருந்து காலில் வீக்கம். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்த்து மருத்துவர் முழுமையாகப் பார்க்க வேண்டும். மூச்சை எண்ணும்போது முழு நிமிடமும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிழை நாலாகப் பெருகிவிடும்.

வீட்டிலும் இதே அளவுகளைக் கவனிக்கலாம். நேற்று வரை தானாக எழுந்து நின்றவர் இன்று சுவரைப் பிடிக்கிறார் என்றால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

மிகவும் மெலிந்தவருக்கு உடனே நிறையச் சாப்பாடு கொடுக்கலாமா?

கூடாது. அன்பினால் செய்யும் இந்தத் தவறு உயிரையே எடுத்துவிடும். பல வாரங்கள் பட்டினி கிடந்த உடம்பு சர்க்கரையை எரிப்பதை விட்டுக் கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கும். திடீரென்று சோறும் குளுக்கோஸும் வந்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் ஒரேயடியாகச் செல்லுக்குள் போய்விடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். இது பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும். அதனால்தான் பி.எம்.ஐ 14க்குக் கீழ் உள்ளவரை மருத்துவமனையில் வைத்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 கலோரி அளவில் தொடங்கி, 4 முதல் 7 நாளில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்பே தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்கிறார்கள், ரத்தத்தில் இந்த உப்புகளைத் தினமும் பார்க்கிறார்கள். தேறிய பிறகு இலக்கு, இருக்க வேண்டிய எடைக்குக் கிலோவுக்கு 40 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும்.

மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டுமா? எதையெல்லாம் விலக்க வேண்டும்?

ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். ஆனால் குமட்டி வாந்தி எடுப்பதைவிட இரண்டு இட்லி சாப்பிட்டு விழுங்குவது எவ்வளவோ மேல். நெய், எண்ணெய் நிறைந்த உணவை மட்டும் அந்த நேரத்தில் தவிருங்கள். நெஞ்செரிச்சலுக்குப் போடும் அமில முறிவு மாத்திரைக்கும் காசநோய் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது பயப்பட வேண்டியதல்ல. பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ கூட்டு மாத்திரையில் உள்ள எதாம்பியூட்டால் காரணமாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். கால் எரிச்சல், மதமதப்பு ஐசோனியசிடால் வருவது. பி6 மாத்திரை அதற்குத்தான்.

மீனில் ஒரு எச்சரிக்கை. சூரை போன்ற மீன்களைப் பிடித்தபின் குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் சேரும். ஐசோனியசிட் சாப்பிடுபவரின் உடம்பு அதைச் சிதைக்கத் திணறும். முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். புது மீன் தாராளமாகச் சாப்பிடலாம். மற்றபடி முட்டை சூடு, பால் சளி, வாழைப்பழம் கூடாது என்று சொல்லும் பத்தியங்களை விடுங்கள். மெலிந்தவரின் தட்டிலிருந்து புரதத்தை எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

கருத்தடை மாத்திரை ரிஃபாம்பிசினோடு வேலை செய்யாது, வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளின் வேகமும் குறையும், அதனால் சிகிச்சைக் காலத்தில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அரசு தரும் பணம் எவ்வளவு? ஏன் சிலருக்கு வருவதில்லை?

2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாயாக இருந்த, காசநோயாளியின் சத்துணவுக்கான நிக்‌ஷய் போஷன் உதவி, 2024 நவம்பர் 1 முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆறு மாதச் சிகிச்சைக்கு மொத்தம் 6,000 ரூபாய், 3,000 ரூபாயாக இரண்டு தவணை. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் உண்டு, அவர் பெயர் நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தடைபடுவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான்: ஆதார் இணைக்கப்படாத கணக்கு, பெயர் எழுத்து மாறிய கணக்கு, பல மாதம் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு. முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். இலவச உதவி எண் 1800-11-6666. நிக்‌ஷய் மித்ரா என்ற பெயரில் தன்னார்வலர்கள் தரும் உணவுக் கூடையும் இருக்கிறது. கூடை தருபவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: பிஸ்கட்டும் சத்து பானமும் வேண்டாம், பருப்பும் கடலையும் எண்ணெயும் முட்டையும் கொடுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக் கொடுங்கள்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பரிசோதித்த பிறகு, ஆம். முதலில் அவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு கேட்டால் மட்டும் போதாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேருக்கு நோய் தெரிந்தது எக்ஸ்-ரேயால்தான். அறிகுறி கேட்டதோடு விட்டிருந்தால் அவர்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் போயிருக்கும். நோயை உள்ளே வைத்துக்கொண்டு தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் எதிர்ப்புக் கிருமி வளரும்.

நோய் இல்லையென்றால் 3எச்.பி என்ற முறை: வாரம் ஒருமுறை, 12 வாரம். பெரியவருக்கு ஒவ்வொரு முறையும் ஐசோனியசிட் 900 மி.கி, ரிஃபாபென்டின் 900 மி.கி. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு இது இல்லை, ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட். கிழமை மறந்துபோவதே இதில் பெரிய சிக்கல். ஞாயிறு காலை போல எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு வேளையை வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிக்கு மருந்து எதிர்ப்பு காசநோய், அதாவது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் என்றால் இந்த மாத்திரை உதவாது. வியட்நாமில் பெரும்பாலும் பெரியவர்களிடமும் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடமும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. ஆறு மாதம் லெவோஃப்ளாக்ஸசின் கொடுத்ததில், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் நோய் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2024இல் இதைப் பரிந்துரைத்தது.

தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டுமா?

வேண்டாம். காசநோய் காற்றில் பரவுகிறது, தட்டில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் இரண்டு வாரம் நோயாளி முகக்கவசம் போடட்டும், தனியாகப் படுக்கட்டும். சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரோடும் உட்காரட்டும். தனியாக உட்கார வைக்கப்பட்டவர் குறைவாகத்தான் சாப்பிடுவார்.

மருந்து எதிர்ப்பு காசநோய்க்கு இப்போது ஆறு மாதம் போதுமாமே?

பலருக்கு, ஆம். பெடாக்விலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நான்கு மருந்துக் கூட்டு. ஊசி இல்லை. உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில் பழைய சிகிச்சையில் 52 சதவீதமாக இருந்த வெற்றி இதில் 89 சதவீதம் ஆனது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் 2024 செப்டம்பரில் இந்தியாவும் ஏற்றுக்கொண்டன. கர்ப்பிணிகளுக்கும், 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், மூளை, எலும்புக் காசநோய்க்கும் இது இல்லை.

கவனிக்க வேண்டியது லினசோலிட். முதல் தென்னாப்பிரிக்க ஆய்வில் நாளுக்கு 1,200 மி.கி கொடுத்தபோது ஐந்தில் நான்கு பேருக்கு நரம்பு பாதித்தது, பாதிப் பேருக்கு ரத்த அணுக்கள் குறைந்தன. இப்போது 600 மி.கி. அப்போதும் ரத்த அணு எண்ணிக்கை, பார்வை, கால் மதமதப்பு மூன்றையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். பெடாக்விலினுக்காக இ.சி.ஜி. பெடாக்விலினைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், அப்போதுதான் நன்றாகச் சேரும். மாக்ஸிஃப்ளாக்ஸசினோடு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் குடலிலேயே பிணைந்து வீணாகும், பல மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. இனி என்ன?

6, 12, 18, 24ஆம் மாதங்களில் பரிசோதனைக்குப் போக வேண்டும். திரும்ப வரும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில்தான் வரும். பி.எம்.ஐ இன்னும் 18.5க்குக் கீழே இருந்தால் உணவுத் திட்டத்தை நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையை மூடிய பிறகும் எடையை மாதம் ஒருமுறை அதே மெஷினில் பார்த்து எழுதுங்கள். காரணமில்லாமல் இரண்டு கிலோ குறைந்தால், இருமல் இல்லாவிட்டாலும் சளியும் எக்ஸ்-ரேயும் எடுக்கச் சொல்லுங்கள்.